மாப்ள கட்டுன சுறாத் தோணி

எங்க மாப்ள அஜந்தன் மாதிரி அறிவாளி கரவனெல்லைக்கு இந்தப் பக்கமும் கெடையாது, அந்தப் பக்கமும் கெடையாது. நான் சொல்லல, அவரே சொல்லுவாரு. அவருக்கு ஆத்துல தோணி இழுக்குற வேல. தோணி கரைய வுட்டு நவுந்ததும் பேச ஆரம்பிச்சாருன்னா அக்கரை சேர்ற வரைக்கும் நிக்காது. நடு ஆத்துல எறங்கிப் போவ முடியாதுல்ல, ஏறுன சனமெல்லாம் கேட்டுத்தான் ஆகணும்.

எங்க தோட்டம் ஆத்துக்கு இந்தப் பக்கம். ரப்பர் மல, நாங்க குடியிருக்க லயத்து வீடுங்க, கோயிலு எல்லாம் இங்க. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கட, பஸ்ஸு எல்லாம் அந்தப் பக்கம், கரவனெல்லைல. சாவுறதுக்கு மட்டுந்தான் ஆத்தக் கடக்க வேணாம், அதுக்கு இங்கயே எடம் இருக்கு. பாலம் போடுறோம்னு ஒவ்வொரு எலெக்சனுக்கும் வந்து ஒரு கல்லு நட்டுட்டுப் போவாங்க. அந்தக் கல்லையெல்லாம் ஆத்துல அடுக்கியிருந்தாலே இந்நேரம் பாலம் வந்துருக்கும்.

பாலம் வராததால தோணி. தட்டையா, அகலமா, ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும். முன்னாடி எது பின்னாடி எதுன்னு கெடையாது. இந்தக் கரைல ஒரு பலா மரத்துலேர்ந்து அந்தக் கரைல ஒரு கொன்கிரீட் தூணு வரைக்கும் கம்பி வடம் கட்டியிருக்கு. தோணிய அதுல வளையம் போட்டு மாட்டிருப்பாங்க. தோணிக்காரரு வடத்தப் புடிச்சு கைமாத்தி கைமாத்தி இழுப்பாரு. போவும்போது இந்த முனை முன்னால, வரும்போது அந்த முனை முன்னால. திருப்புற வேலையே இல்ல. இத மறந்துறாதீங்க, எங்க மாப்ள மறந்துட்டாரு.

என் மக சுமித்ராவக் கட்டிக் குடுக்கிறப்ப அவரு தோட்டத்து ரப்பர் பெக்டரில ரோலர்ல நின்னாரு. ஒறஞ்ச பால ரோலருக்குள்ள வுட்டு ஷீட்டா எடுக்குற வேல. பொண்ணு பாக்க வந்தன்னிக்கே பலகாரத்த வுட்டுட்டு எங்க வூட்டு தேங்கா துருவிய கையில எடுத்து திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இந்தப் பல்ல கொஞ்சம் சாச்சு வச்சா பாதி நேரத்துல துருவிறலாங்க அத்த"ன்னாரு. என் வூட்டுக்காரரு அப்ப உசுரோட இருந்தாரு. "பையனுக்கு மூள இருக்கு புள்ள"ன்னு பூரிச்சுப் போனாரு. அவரு பூரிச்சுட்டு போய்ச் சேந்துட்டாரு. அந்த மூளையோட ஒரே காம்பராவுல குடியிருக்குறது நான்.

கல்யாணமான புதுசுல சைக்கிள் டைனமோவ ஓடையில கட்டி, சின்னதா ஒரு சக்கரம் செஞ்சு, லயத்துக்கே கரண்டு குடுக்கப்போறேன்னாரு. பல்பு எரியத்தான் செஞ்சுச்சு. அந்த வெளிச்சத்துல அங்க ஒரு பல்பு இருக்குறது மட்டும் நல்லா தெரிஞ்சுச்சு. வேற ஒண்ணும் தெரியல. அப்பறம் மழைக்கு ஓட பெருகி சக்கரமும் டைனமோவும் கொழும்புப் பக்கம் போயிருச்சு. சைக்கிளு இன்னும் இருக்கு, வெளக்கு இல்லாம.

பெக்டரிய மூடுனப்ப ரோலருல நின்ன ஆம்பளைங்க எல்லாம் கொழும்புக்கு கடை வேலைக்குப் போனாங்க. இவரு போவல. பழைய தோணிக்காரரு முதுகு முடியாம நின்னுட்டதால பிரதேச சபைல இவர அந்த எடத்துக்குப் போட்டாங்க. சும்மா சொல்லக்கூடாது, ஆறு அவருக்கு நல்லாத் தெரியும். தண்ணி எங்க இழுக்கும், எங்க பாறை இருக்கு, எப்ப வடத்த வுட்டுட்டு உக்காந்துரணும்னு எல்லாம் தெரியும். ஒரு புள்ளைய கூட தண்ணில தவற வுட்டதில்ல. அத மட்டும் அவரு பெருமையா சொல்லிக்க மாட்டாரு. பெருமை அடிச்சுக்க வேண்டிய ஒரே விசயத்த வுட்டுட்டு மத்த எல்லாத்தையும் பேசுவாரு.

சுமித்ரா ரப்பர் மரத்துல பால் வெட்டுறவ. மழ பேஞ்சா மரம் நனைஞ்சுரும், வெட்ட முடியாது, அன்னிக்கு வேலையில்ல. எங்க பக்கம் மழ எப்பிடின்னு ஒங்களுக்குத் தெரியாது. வெயிலு வந்தா நாங்க யாரு வந்துருக்குறதுன்னு எட்டிப் பாப்போம். ஆகக்கூடி மழைக் காலத்துல அடுப்பு எரியறது தோணியாலதான். அந்தத் தோணிக்குத்தான் வந்துச்சு வென.

ஆஸ்பத்திரில வேல செய்யிற புள்ளைங்களும் பள்ளிக்கூடத்து டீச்சரும் சபைக்கு சொல்லிட்டாங்க, தோணி மெதுவா போவுது, நாங்க தெனமும் லேட்டுன்னு. அது நெசந்தான். பாதி ஆத்துல வடத்த வுட்டுட்டு டைனமோ கதைய சொன்னா லேட் ஆவாம என்ன ஆவும். அதுக்குள்ள கரவனெல்லைல கருவாட்டுக் கட வச்சிருக்க ஹிஷாம் இஞ்சின் வச்ச போட்டு ஒண்ணு வாங்கிட்டாரு. நெகம்பு கடக்கரைலேர்ந்து லொறில ஏத்திக்கிட்டு வந்து எறக்குனாரு, கல்யாணப் பொண்ணு மாதிரி மாலையெல்லாம் போட்டு. சபைலேர்ந்து ஒரு மாத்தயா, பெரிய அதிகாரி, வந்து ரெண்டு பேரையும் நிக்க வச்சு சொன்னாரு. ரெண்டு போட்டையும் ஒருநா ஓட்டிப் பாப்போம். ஆளும் சாமானும் ஒரே அளவு ஏத்தணும். போயி, திரும்பி வரணும். யாரு வெரசா வர்றாங்களோ அவங்களுக்குத்தான் ஆறு.

அன்னிக்கு ராத்திரி சோறு திங்கையில சுமித்ரா ஒரே ஒரு பேச்சுதான் பேசுனா. "தோணி போச்சுன்னா நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போறேன். ஏஜென்சிக்காரன்ட்ட கேட்டுட்டேன். பாஸ்போட் ரெடியா இருக்கு."

மாப்ள சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தாரு. வாயில வைக்கல. அவரு சத்தமில்லாம இருந்தத நான் பாத்தது அன்னிக்குத்தான். மகள அனுப்பிட்டு இந்த அறிவாளியோட நான் தனியா இருக்கணும்னு நெனச்சதும் எனக்கும் சோறு எறங்கல.

மக்காநாளு காலைல போன எடுத்துக்கிட்டு வந்து எங்கிட்ட உக்காந்தாரு. மூஞ்சில ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்த டைனமோ நாள்ல பாத்துருக்கேன்.

"அத்த, சுறா ஏன் வேகமா நீந்துது தெரியுமா?"

"அதுக்கு கொழம்புல எறங்க அவசரமா இருக்கும் மாப்ள."

"அதோட தோலுங்க அத்த. வெளிநாட்டுல கப்பலுக்கு சுறாத் தோல் மாதிரி பெயின்ட் அடிக்கிறாங்க. பிளேனுக்கு சுறாத் தோல் மாதிரி ஒரு தாளு ஒட்டுறாங்க. நீச்சக்காரங்களுக்கு சுறாத் தோல் மாதிரி உடுப்பே தச்சிருக்காங்க."

"நம்ம தோணிக்கு சட்ட தைக்கப் போறீங்களா?"

"கிட்டத்தட்ட"ன்னாரு.

அப்பறம் வெளக்கம். எனக்கு அ ஆவன்னா தெரியாது, ஆனா அந்த வெளக்கத்த அவரு எங்கிட்ட எத்தன தடவ சொன்னாருன்னா இப்ப நானே ஒங்களுக்கு சொல்லிருவேன். தண்ணி இருக்குல்ல, அது தோணிய ஒட்டிக்கிட்டு வர்ற எடத்துல மெதுவா வருமாம். தள்ளி இருக்க தண்ணி வேகமா ஓடுமாம். ரெண்டுக்கும் நடுவுல அது சுருளு சுருளா சுத்துமாம், பொண்ணுங்க முடிய வெரல்ல சுத்துற மாதிரி. அந்தச் சுருளு வந்து தோணி அடிவவுத்துல உரசி உரசித்தான் வேகத்தத் தின்னுதாம். சுறாத் தோலு முழுக்க கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பல்லாம். ஒவ்வொரு பல்லு மேலயும் வரி வரியா கோடாம், தலைலேர்ந்து வாலுப் பக்கம் ஓடுற மாதிரி. சுருளு வந்து அந்தக் கோட்டு முனையிலதான் தொட முடியுமாம், பள்ளத்துக்குள்ள எறங்க எடமில்லயாம். தொடுற எடம் கொறஞ்சா இழுக்குறதும் கொறையுமாம்.

"அப்ப வழுவழுன்னு இருக்குறத விட சொரசொரன்னு இருந்தா வேகமா போவுமா?"ன்னு கேட்டேன்.

"எல்லா சொரசொரப்பும் இல்ல அத்த. அந்த மாதிரி நுணுக்கமா, அந்த மாதிரி ஒரே தெசையில இருக்கணும்."

தெசை. அந்த வார்த்தைய அவரு வாயாலதான் சொன்னாரு. நான் சாட்சி.

இனிமே நடந்தத கேளுங்க. சுறாத் தோலு வாங்க அவரு எங்க போனாரு? ஹிஷாம் கடைக்கு. ஆத்தப் பறிக்க வந்த ஆளுகிட்டயே போயி, அவர தோக்கடிக்கிறதுக்கு சாமான் கேட்டாரு. நானும் கூடத்தான் இருந்தேன், சீனி வாங்க வந்த எடத்துல. அவர அண்ணன் மொறைல 'நானா'ன்னுதான் கூப்புடுவாரு மாப்ள.

"ஹிஷாம் நானா, பெரிய சுறாத் தோலு இருக்கா? கருவாடு வேணாம், தோலு மட்டும்."

"தோல வெச்சி என்ன செய்யப் போற நீங்க?"

"அது ரகசியம் நானா"ன்னு சொல்லிட்டு, ரகசியம் முழுக்க சொன்னாரு. தண்ணி, சுருளு, பல்லு, பிளேனு எல்லாம். ஹிஷாம் தராசக் கீழ வெச்சுட்டு கேட்டாரு. பாவம், நல்ல மனுசன், கடைக்கு வந்தவங்கள நிக்க வெச்சுட்டு கேட்டாரு. கடைசில உள்ள போயி காஞ்ச தோலு ஒரு கட்டு எடுத்து வந்தாரு. மாப்ள எங்கையப் புடிச்சு தோலு மேல தடவ வெச்சாரு. தலைப் பக்கத்துலேர்ந்து வாலுப் பக்கம் தடவுனா பட்டு மாதிரி போவுது. திருப்பித் தடவுனேன், வெரல் தோலே உரிஞ்சிருச்சு.

"பாத்தீங்களா அத்த"ன்னாரு.

"பாத்தேன்"னு வெரல வாயில வச்சுக்கிட்டு சொன்னேன்.

ஹிஷாம் சிரிச்சுக்கிட்டு, "அம்மா, ஒங்கட மருமகன் ஜெயிச்சா எனக்குத்தான் பேரு. தோல் தந்த நான்தானே"ன்னாரு.

தோலு காம்பராவுக்கு வந்துச்சு. தோலோட தோட்டத்து நாயெல்லாம் வந்துச்சு. எங்க வாசல்ல நாயிங்க வரிசையா உக்காந்து கெடந்ததப் பாத்து, எங்க வீட்டுல ஏதோ விசேசம்னு பக்கத்து லயத்துலேர்ந்து வந்து கேட்டாங்க. ஆத்தங்கரைலேர்ந்து ஒரு கபரகொய்யாவும், முதலை மாதிரி பெரிய உடும்பு, படியேறி வந்து எட்டிப் பாத்துச்சு. வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போனா சாமியே மூக்கப் பொத்திக்கும் போல இருந்துச்சு.

"தோல அப்பிடியே தோணில அடிச்சா ஒரு வாரத்துல அழுகிரும்"னு சுமித்ராதான் சொன்னா. "அதோட வெரதம் இருக்குற பொம்பளைங்க ஏற மாட்டாங்க."

அங்கதான் எங்க மாப்ளைக்கு ரப்பர் புத்தி வேல செஞ்சுச்சு. மூள இல்லன்னு நான் எப்பவும் சொன்னதில்ல. சுமித்ரா வாளில மிச்சமிருந்த பால வாங்கி, தோலு மேல தூரிகையால பூசுனாரு. காஞ்சதும் மறுபடி பூசுனாரு. மறுபடி காய வச்சாரு. ஷீட் மாதிரி கனமானதும் உரிச்சு எடுத்தா, தோல்ல இருக்க பல்லு அத்தனையும் ரப்பருல குழி குழியா பதிஞ்சிருக்கு. ஆனா அது தலைகீழு. பல்லு இருக்க எடத்துல குழி. அதனால அந்தக் குழி ஷீட்டு மேல மறுபடி பால ஊத்தி எடுக்கணுமாம். மொத தடவ ஊத்துனப்ப ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு, புருசன் பொண்டாட்டி மாதிரி, பிரிக்கவும் முடியல, வச்சுக்கவும் முடியல. அப்பறம் என் சவுக்காரத்த எடுத்து கரைச்சு நடுவுல தடவுனாரு. என் குளிக்கிற சவுக்காரம். அதுக்கப்பறம் அழகா உரிஞ்சு வந்துச்சு. கையில தடவுனா சுறாவேதான், நாத்தம் மட்டும் கெடையாது.

அப்பிடி ஒவ்வொரு ஷீட்டா செஞ்சாரு. செஞ்சு புகைக்குத் தொங்க வுட்டாரு. எங்க அடுப்புக்கு மேலதான், வேற எங்க. நான் அடுப்புல சோத்த வச்சா மேலேர்ந்து சுறா பாக்கும். சுமித்ரா எங்கிட்ட மட்டும், "அம்மா, இதுக்கு இவ்ளோ மெனக்கெடுறாரே, இந்த மனுசன வுட்டுட்டு நான் எப்பிடிப் போவேன்"னு கேட்டா. "போகாத, இவரு எனக்குத்தான் மிச்சம்"னேன். அவளுக்கு சிரிப்பும் வந்துச்சு, கண்ணுல தண்ணியும் வந்துச்சு.

ஓட்டிப் பாக்குறதுக்கு மொத நாளு தோணியக் கரைல கவுத்துப் போட்டு, டியூப்பு ஒட்டுற சொலுஷன வச்சு ஷீட்ட ஒட்டுனாரு. ஒட்டுன விதத்தையும் சொல்லிறணும். லயத்துக் கூரைக்கு தகரம் போடுற மாதிரி, ஒரு ஷீட்டு ஓரம் அடுத்த ஷீட்டு மேல ஏறி இருக்குற மாதிரி ஒட்டுனாரு. தலைப் பக்கம் கரவனெல்லையப் பாத்து, வாலுப் பக்கம் தோட்டத்தப் பாத்து. காலைல அவசரமாப் போறவங்கதானே அதிகம், அதனால அந்தத் தெசையாம்.

"ஒரு தடவ ஓட்டிப் பாத்துருங்க மாப்ள"ன்னேன்.

"சொலுஷன் காயணும் அத்த. நாளைக்கு எல்லாருக்கும் முன்னாடியே பாப்போம்."

மறுநாளு தோட்டமே ஆத்தங்கரைல. மழ இல்ல, தண்ணி நெறஞ்சு ஓடுது. மாத்தயா அந்தக் கரைல கொடைக்குக் கீழ நின்னுக்கிட்டு போன்ல நேரம் பாக்குறாரு. ஹிஷாம் போட்டுல ஆஸ்பத்திரி புள்ளைங்களும் அரிசி மூட்டையும். எங்க தோணில பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களும் அரிசி மூட்டையும். எட கொறையுதுன்னு என்னையும் ஏத்துனாங்க. எந்த மூட்டைக்குப் பதிலா என்ன ஏத்துனாங்கன்னு நான் கேக்கல.

விசிலு ஊதுனாங்க. ஹிஷாம் இஞ்சின் கயித்த இழுத்தாரு. இஞ்சின் இருமிட்டு நின்னுருச்சு. மறுபடி இழுத்தாரு, மறுபடி இருமுச்சு. அதுக்குள்ள எங்க மாப்ள வடத்தப் புடிச்சு இழுத்தாரு பாருங்க. நான் பொய் பேச மாட்டேன், தோணி வழுக்கிக்கிட்டுப் போச்சு. அடிவவுத்துல சத்தமே இல்ல. எத்தன வருசமா அந்தத் தோணில போறேன், தண்ணி பலகைல சளக் சளக்னு அடிக்கிற சத்தம் எனக்குத் தெரியும். அன்னிக்கு அது இல்ல. சுறாவாலயா, இல்ல புதுசா ரப்பர் ஒட்டுனதாலயா, இல்ல மாப்ள அன்னிக்கு ஒரு வார்த்த பேசாம இழுத்ததாலயான்னு எனக்குத் தெரியாது. மூணாவதுதான்னு நான் நெனைக்கிறேன். ஹிஷாம் போட்டு நடு ஆத்துக்கு வர்றதுக்குள்ள நாங்க அக்கரைல மோதிட்டோம். புள்ளைங்க கூவுதுங்க. மாத்தயா போனப் பாத்துட்டு தலைய ஆட்டுறாரு.

இந்தக் கரைல நின்ன சுமித்ரா கையத் தூக்கி ஆட்டுனா. அவ்ளோ தூரத்துலயும் அவ பல்லு தெரிஞ்சுச்சு.

"திரும்பி யமு"ன்னாரு மாத்தயா. போலாம்னு அர்த்தம். போனோம்.

வடத்த இழுத்தாரு. தோணி வரல. மறுபடி இழுத்தாரு. கரைய வுட்டு நவுந்துச்சு, அப்பறம் கீழேர்ந்து ஒரு சத்தம். படபட, படபட. ஈரத் துணிய காத்துல ஒதர்ற மாதிரி. எனக்கு ஒண்ணும் வெளங்கல. மாப்ள பல்லக் கடிச்சுக்கிட்டு இழுக்குறாரு, கழுத்து நரம்பு பொடச்சுக்கிட்டு நிக்கிது. தோணி நடு ஆத்துல கோயில் மாடு மாதிரி நிக்கிது. பெரிய புள்ளைங்க எந்திரிச்சு வடத்தப் புடிச்சு கூட இழுத்துச்சுங்க. படபட, படபட. எவ்வளவு இழுக்குறோமோ அவ்வளவுக்கு தண்ணி அடிலேர்ந்து புடிச்சு வச்சுக்கிது.

இஞ்சின் சூடாயிருச்சு போல, ஹிஷாம் இப்ப நல்லா வர்றாரு. அக்கரைல ஒரு வட்டம் அடிச்சு மூக்கத் திருப்பிக்கிட்டு எங்களத் தாண்டுறப்ப வேகத்தக் கொறச்சு, கையக் குவிச்சு கத்துனாரு.

"அஜந்தன், சுறா ரிவஸ்ல போறத நீங்க எங்கயாச்சும் கண்டீக்கிறீங்களா?"

மாப்ள கை வடத்துலயே நின்னுருச்சு.

அப்பத்தான் எனக்கும் வெளங்குச்சு. சுறா ஒரு பக்கந்தான் நீந்தும். திரும்பணும்னா உடம்பத் திருப்பிக்கும். எங்க தோணி திரும்பாது. போவும்போது தலை முன்னால, வரும்போது வாலு முன்னால. வாலுப் பக்கத்துலேர்ந்து தடவுனா என் வெரல உரிச்ச தோலு, ஆத்த மட்டும் சும்மா வுடுமா. அதோட அந்தத் தகரக் கூர வேலை. மழ மேலேர்ந்து வந்தா தகரத்துக்குள்ள எறங்காது. கீழேர்ந்து மழ பேஞ்சா? ஒவ்வொரு ஷீட்டு ஓரத்துக்குள்ளயும் தண்ணி பூந்து, ஓரத்தத் தூக்கி, வாயத் தொறந்துக்கிட்டு தண்ணியக் குடிக்கிது. எங்க மாப்ள தோணிக்கு அடில ஒரு நூறு வாயி கட்டி வச்சுட்டாரு. அவருக்கு இருந்த ஒரு வாயி பத்தாதுன்னு.

"மாப்ள, திருப்ப முடியாதா?"ன்னு மெதுவாக் கேட்டேன்.

"வளையம் ஒரு பக்கந்தானே அத்த இருக்கு"ன்னாரு.

நாங்க கரை சேந்தப்ப ஹிஷாம் போட்டக் கட்டிட்டு, டீ குடிச்சுட்டு, ஆஸ்பத்திரி புள்ளைங்ககிட்ட பேசிக்கிட்டு இருந்தாரு. மாத்தயா ஹிஷாம் போட்டுலயே இந்தக் கரைக்கு வந்து, அங்கயே நின்னு சொல்லிட்டாரு. ஆறு ஹிஷாமுக்கு. சுமித்ரா லயத்துக்கு ஏறிப் போனா. மாப்ள தோணியக் கவுத்துப் போட்டு, அது பக்கத்துலயே உக்காந்துட்டாரு. யாரும் கேலி பண்ணல. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. கேலி பண்ணியிருந்தா நான் நாலு வார்த்த திருப்பிக் குடுத்துருப்பேன்.

வீட்டுக்கு வந்தா சுமித்ரா சின்ன பேக்க எடுத்து வச்சு துணி மடிக்கிறா. பாஸ்போட்டு மேல இருக்கு. மாப்ள வந்து வாசப்படில உக்காந்தாரு. பேச்சு இல்ல. மறுநாளும் பேச்சு இல்ல. அவரு பேசாம இருந்தா நல்லாருக்கும்னு இத்தன வருசம் சாமிகிட்ட கேட்டுருக்கேன். குடுத்தப்பத்தான் தெரிஞ்சுச்சு, கேட்டுருக்கக் கூடாதுன்னு.

அப்பறம் ஒரு சாயங்காலம் ஹிஷாம் வந்தாரு, ஒரு பார்சல் கருவாட்டோட. நாயெல்லாம் அவருக்கு முன்னாடியே வந்துருச்சு.

"அஜந்தன் மச்சான், கோவமா?"

"இல்ல நானா."

"எனக்குக் கடய வுட்டுப் போட்டு ஆத்துல ஈக்க ஏலுமா? ஆத்த எனக்கு தெரியவும் தெரியா. நேத்து பாறைல ஒரசிட்டன். நீங்க வந்து ஓட்டுங்களேன்."

மாப்ள தலைய குனிஞ்சுக்கிட்டாரு. "என் தோணியத் தோக்கடிச்ச போட்டு அது."

"தோணிதானே தோத்த? தோல் தோத்தா? போற நேரம் என்னைய வுட்டுட்டு முந்திப் போனீங்கதானே. அதக் கழட்டி நம்மட போட்டுக்கு ஒட்டுவம். இது எப்பவும் மூக்க முன்னுக்கு வெச்சித்தானே போற. போனாலும் மூக்கு, வந்தாலும் மூக்கு."

மாப்ள நிமுந்து பாத்தாரு. மூஞ்சில அந்த வெளிச்சம். இந்தத் தடவ அதப் பாக்க எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு.

"இருந்தாலும், ஒரு கூலி ஆளா..."ன்னு இழுத்தாரு.

உள்ளேர்ந்து சுமித்ரா வந்து கதவுல சாஞ்சு நின்னா. கையில பாஸ்போட்டு.

"என்னங்க, இங்க பாருங்க. நீங்க அந்த போட்டுல ஏறுனா நான் பிளேன்ல ஏறல. நீங்க இங்கயே குந்திக்கிட்டு இருந்தா நான் போறேன். இப்ப சொல்லுங்க."

"ஒட்டுறப்ப ஓரத்த வேற மாதிரி சீவணும்"னாரு அவரு, ஹிஷாமப் பாத்து. "ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது. பக்கம் பக்கமா வரணும்."

அதுதான் எங்க வீட்டுல 'சரி'ங்கறதுக்கு அர்த்தம். சுமித்ரா பாஸ்போட்ட ட்ரங்குப் பொட்டிக்கு அடில, என் கூறப் பொடவைக்குக் கீழ வச்சா. அதுக்குக் கீழ போன எதுவும் அவ்ளோ சுளுவா மேல வராது.

இப்ப சுறாத் தோலு போட்ட போட்டு ஓடுது. ஹிஷாம் பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாவுதுன்னு கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றாரு. கொஞ்சம்னா எவ்வளவுன்னு கேட்டா கொஞ்சம்ங்கிறாரு. அடில பாசி புடிக்கிறதும் கொறஞ்சிருச்சாம். இருக்கலாம். மாப்ள மெதுவா ஓட்டுறதாலயும் மிச்சமாவலாம், நான் அதச் சொல்லல. மிச்சமான ரப்பர் துண்டு ஒண்ணு எங்கிட்ட இருக்கு, குதிகால் வெடிப்பு தேய்க்க. ஒரு பக்கமா தேச்சா ஒண்ணும் வராது. மறு பக்கம் தேச்சா நல்லா வரும். அந்த அறிவ மாப்ள ஒரு போட்டுக்குப் போட்டு, எங்காலுக்கும் குடுத்துருக்காரு, கொற சொல்லக் கூடாது.

போட்டுல ஏறுனா அவரு இன்னும் பேசத்தான் செய்யிறாரு. சுருளு, பல்லு, கோடு, தெசை எல்லாம். தெசைய இப்ப ரெண்டு தடவ சொல்றாருன்னு வாயசைவுல தெரியுது. இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் காதுல வுழுவறதில்ல. எல்லாரும் அவரப் பாத்து நல்லா தலைய ஆட்டுறோம்.